45ஆம் நாள் ஊசியன்று யாரிடம் கேட்பது? பேறுகால மனச்சோர்வு குறித்த ஒரு மனுவுக்கான விவாதம்

வேலூர் சுமதி (இழையைத் தொடங்கியவர்)

புதன்கிழமை காலையில் எங்கள் பகுதியின் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். பிறந்து ஒன்றரை மாதமான குழந்தைகளைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். குழந்தையின் எடையைப் பார்க்கிறார்கள், தொடையில் ஊசி போடுகிறார்கள், வாயில் சொட்டு மருந்து விடுகிறார்கள், அட்டையில் அடுத்த தேதியை எழுதி அனுப்பிவிடுகிறார்கள். பெற்றவளிடம் "தூக்கம் வருகிறதா? காரணமில்லாமல் அழுகிறாயா?" என்று கேட்பதற்கு அந்தக் காலைப்பொழுதில் இடமே இல்லை.

எங்கள் மகளிர் சுய உதவிக் குழுவின் சார்பில் ஆட்சியரிடம் குறைதீர்க்கும் நாளில் ஒரு மனு கொடுக்கப் போகிறோம். 45ஆம் நாள் ஊசிக்கு வரும் ஒவ்வொரு தாயிடமும் மனச்சோர்வு பற்றிக் கேட்க வேண்டும் என்பதே கோரிக்கை. இதற்கான கருவி புதிதாகச் செய்யப்பட வேண்டியதில்லை. எடின்பரோ அளவுகோல் என்று பத்துக் கேள்விகள் கொண்ட தாள் 1987-லிருந்து உலகெங்கும் புழங்குகிறது. அதன் தமிழ் வடிவத்தை வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் சோதித்துப் பார்த்து 2005-இல் வெளியிட்டுவிட்டார்கள். அதற்கும் முன்பு எங்கள் கணியம்பாடி ஒன்றியத்துப் பெண்களிடமே ஓர் ஆய்வு நடந்து 2002-இல் வெளியானது. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் இருந்த 359 பேரிடம் தொடங்கி, பிரசவத்துக்குப் பிறகும் போய்ப் பார்த்தார்கள். புதிதாக மனச்சோர்வுக்கு ஆளானவர்கள் 11 சதவீதம். வருமானக் குறைவு, ஆண் குழந்தையை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறந்தது, மாமியாருடனோ பெற்றோருடனோ பிணக்கு, கை உதவிக்கு ஆள் இல்லாமை ஆகியவை காரணங்களாகத் தெரிந்தன. எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் ஆய்வாக வந்து இத்தனை ஆண்டுகள் ஆன பிறகும் ஊசி போடும் இடத்தில் கேள்வி மட்டும் வரவில்லை.

மனுவில் என்ன சேர்க்க வேண்டும், என்ன விடுபட்டிருக்கிறது என்று சொல்லுங்கள். கடுமையாகச் சொன்னாலும் சரி.

கிராமச் செவிலி

சுமதி அக்கா, நான் கிராம சுகாதார செவிலியர். கோரிக்கை நியாயமானது. ஆனால் கேட்க வேண்டியவள் நான் என்பதால் சில விஷயங்களைச் சொல்லியாக வேண்டும்.

முதலில் இடம். எங்கள் துணை சுகாதார நிலையத்தில் ஒரே அறை. ஊசி, எடை, பதிவேடு எல்லாம் அங்கேயே. தாயின் ஒரு பக்கத்தில் அவளுடைய மாமியாரோ அம்மாவோ கட்டாயம் உட்கார்ந்திருப்பார்கள். "மாமியாரோடு எப்படி இருக்கிறது?" என்று மாமியார் முன்னாலேயே கேட்டால் என்ன பதில் வரும்? "நன்றாக இருக்கிறேன் சிஸ்டர்" என்று வரும். பத்துக் கேள்விகளுக்கும் அதே பதில்தான். தாளில் சுழியம் போட்டு, இந்த ஊரில் யாருக்கும் மனச்சோர்வு இல்லை என்று மேலே அனுப்பிவிடலாம். அப்படி ஒரு கணக்கு போவதைவிடக் கேட்காமலே இருப்பது நல்லது.

நான் செய்வதைச் சொல்கிறேன். குழந்தையை எடை பார்க்கும்போது "பாட்டி, அட்டையைப் பதிவேட்டுக்காரரிடம் காட்டிவிட்டு வாருங்கள்" என்று அனுப்பிவிடுவேன். அந்தச் சில நிமிடங்களில் இரண்டே கேள்விகள். போன ஒரு மாதத்தில் பெரும்பாலான நாள்கள் மனம் சோர்ந்து, இனி எதுவுமே இல்லை என்று தோன்றியதா? எதிலும் ஆசையோ ஈடுபாடோ இல்லாமல் இருந்ததா? இரண்டில் ஒன்றுக்கு ஆமாம் என்றாலும், அடுத்த முறை வீட்டுக்குப் போகும்போது பத்துக் கேள்விகளையும் கேட்கிறேன். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு நானே வாசிக்கிறேன்.

இரண்டாவது, கேட்ட பிறகு என்ன? அந்தப் பத்தாவது கேள்வி, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. ஒரு பெண் அதற்கு ஆமாம் என்று சொல்லிவிட்டால் நான் யாரைக் கூப்பிடுவது? மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் எங்கள் பக்கம் வருவது குறிப்பிட்ட நாளில் மட்டும். மனுவில் இதற்குப் பதில் இல்லாவிட்டால் அது செவிலியர் தலையில் இன்னொரு பதிவேடாகத்தான் முடியும்.

ராமசாமி, சங்கரன்கோவில்

என் தாயார் எட்டுப் பேரைப் பெற்றவர். எங்கள் வீட்டில் பிரசவமான பெண்ணுக்கு மருந்தும் பத்தியமும் எண்ணெய்க் குளியலும் நாற்பது நாள் ஓய்வும் கிடைக்கும். சுற்றிலும் அத்தை, சித்தி, பாட்டி என்று ஆள்கள். மனச்சோர்வு என்ற பேச்சே கேட்டதில்லை. இப்போது நகரத்தில் தனிக் குடித்தனம், கைப்பேசி. அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். மருத்துவம் ஆக்குவதற்கு முன் வீட்டைச் சரிசெய்யக் கூடாதா? தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். என் பேத்தி மாசமாக இருக்கிறாள், அந்தக் கவலையில்தான் கேட்கிறேன்.

மனநல மருத்துவர், மதுரை

ஐயா, நீங்கள் சொன்ன ஓய்வும் எண்ணெய்க் குளியலும் கூட இருக்கும் ஆள்களும் மிக நல்லவை. உங்கள் பேத்திக்கும் அவை கிடைக்கட்டும். உதவிக்கு ஆள் இல்லாமை ஒரு காரணம் என்று கணியம்பாடி ஆய்வே சொல்கிறதே. ஆனால் அந்தக் காலத்தில் இந்த நோய் இல்லை என்பதை நான் ஏற்க மாட்டேன். 'பிரசவ ஜன்னி' என்ற பேச்சு உங்கள் ஊரிலும் இருந்திருக்கும். 'பெற்றெடுத்த பிறகு அவள் ஒரு மாதிரி ஆகிவிட்டாள்' என்று தாய்வீட்டிலேயே விடப்பட்ட பெண்கள் இருந்தார்கள். கைக்குழந்தைக்காரி கிணற்றில் விழுந்தாள் என்ற செய்தியும் புதிதல்ல. இவற்றை நோய் என்று யாரும் எண்ணவில்லை, அவ்வளவுதான். கணியம்பாடியின் அந்த 11 சதவீதம் கிராமத்துக் குடும்பங்களில்தான் வந்தது. இந்தியா முழுவதும் நடந்த 38 ஆய்வுகளைத் தொகுத்து உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் 2017-இல் வந்த கட்டுரை, பிரசவித்த பெண்களில் 22 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு என்று கணக்கிட்டது.

வாசிக்கும் குடும்பங்களுக்காகக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். பிரசவமான மூன்றாம் நான்காம் நாளில் காரணமின்றி அழுகை வருவது பாதிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு நடப்பது. தூங்கவிட்டு, வேளைக்குச் சாப்பாடு கொடுத்து, பக்கத்தில் ஆள் இருந்தால் இரண்டு வாரத்துக்குள் அது தணிந்துவிடும். இரண்டு வாரம் தாண்டியும் சோர்வு நீடித்தால், குழந்தை தூங்கும்போதும் தாய்க்குத் தூக்கம் வரவில்லை என்றால், "இந்தக் குழந்தைக்கு நான் தகுதியில்லாதவள்" என்று பேச்சு வந்தால் அது மனச்சோர்வு. கர்ப்பத்திலேயே இது தொடங்கிவிடுவதும் உண்டு, குழந்தைக்கு எட்டு மாதம் ஆன பிறகு வருவதும் உண்டு.

மூன்றாவது வகை வேறு, பேறுகால மனப்பிறழ்வு. ஆயிரம் பிரசவங்களில் ஒன்று அல்லது இரண்டில் வருவது, பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள். இரவு முழுக்கத் தூக்கமே இல்லை, பேச்சு தாறுமாறாகப் போகிறது, வீட்டாரைச் சந்தேகப்படுகிறாள், யாரோ குழந்தையை மாற்றிவிட்டார்கள் என்கிறாள், இல்லாத குரல் கேட்கிறது என்கிறாள். இது அவசரம். அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும். தாயையும் குழந்தையையும் தனியாக விடக் கூடாது. கோவிலுக்கு வேண்டிக்கொள்வது உங்கள் விருப்பம். அதை மருத்துவமனையிலிருந்து திரும்பிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் உண்டு, இதைப் பெண்கள் என்னிடம் சொல்வதற்கே பல வாரங்கள் ஆகின்றன. "குழந்தையைக் கீழே போட்டுவிடுவேனோ, கத்தியைப் பார்த்தால் பயமாக இருக்கிறது" என்ற எண்ணங்கள் வேண்டாமலே திரும்பத் திரும்ப வரும். அவற்றைக் கண்டு நடுங்கும் தாய், குழந்தைக்குத் தீங்கு செய்ய நினைப்பவள் அல்ல. வெளியே சொன்னால் குழந்தையைப் பிரித்துவிடுவார்கள் என்று பயந்தே மறைக்கிறாள்.

மருந்து பற்றிய அச்சமும் பெரிது. மருந்து சாப்பிட்டால் பால் கொடுக்கக் கூடாது என்று பக்கத்து வீட்டில் சொன்னதைக் கேட்டு இரண்டில் ஒன்றை நிறுத்திவிடுகிறார்கள். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் செர்ட்ராலின் போன்ற மருந்துகள் தாய்ப்பாலில் மிகக் குறைந்த அளவே கலக்கின்றன. பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடலாம். வலிப்புக்கும் சில மனநோய்களுக்கும் கொடுக்கும் வால்புரோயேட் போல, கருத்தரிக்கும் வயதுப் பெண்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்தும் இருக்கிறது. அதனால் யாருடைய பழைய சீட்டையும் வைத்து மருந்து வாங்காதீர்கள், சாப்பிடுவதைத் திடீரென்று நிறுத்தவும் செய்யாதீர்கள். ரத்தசோகையும் தைராய்டும் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் மனச்சோர்வைப் போலவே தோற்றம் காட்டும்.

செவிலியர் கேட்ட "பிறகு என்ன?" என்பதற்கு: பாகிஸ்தானின் ராவல்பிண்டிப் பகுதியில் கிராமத்துப் பெண் சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து, மனச்சோர்வுள்ள தாய்மாரிடம் வீட்டிலேயே பேசவைத்தார்கள். மனநலப் படிப்பு எதுவும் இல்லாதவர்கள் அவர்கள். 2008-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் முடிவு வந்தது. குழந்தைக்கு ஆறு மாதமானபோது பயிற்சி பெற்றவர்கள் பார்த்த தாய்மாரில் 23 சதவீதம் பேருக்கே மனச்சோர்வு நீடித்தது, மற்ற ஊர்களில் 53 சதவீதம். பிறகு கோவாவில் அதே முறையை, உள்ளூர்த் தாய்மாரையே 'சகி'களாக வைத்து நடத்திப் பார்த்தார்கள். ஒன்றியத்துக்கு ஒரு மனநல மருத்துவர் வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. ஆனால் பத்தாவது கேள்விக்கு ஆமாம் என்றால் அன்றே மருத்துவர் பார்க்க வேண்டும், வீட்டில் ஒருவர் இரவும் பகலும் கூட இருக்க வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், செவிலியரும் அழைக்கலாம்.

ஓசூர் தொழிலாளி

தாயிடம் கேட்க வேண்டும் என்கிறீர்கள். சரி. தகப்பனிடம்?

எங்களுக்கு இரட்டைக் குழந்தைகள், குறைமாதம். இரண்டும் பச்சிளங்குழந்தைகள் பிரிவில் இருந்தன. மனைவி அறுவை சிகிச்சைக்குப் பிறகு எழுந்திருக்க முடியாமல் வேறு மாடியில். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று குழந்தைகளைப் பார்ப்பேன், பிறகு மாடி ஏறிப்போய் அவளிடம் "நன்றாக இருக்கிறார்கள்" என்பேன், பிறகு இரவு ஷிப்டுக்குப் போவேன். வீடு திரும்பியதும் மனைவியும் குழந்தைகளும் தர்மபுரியில் மாமியார் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அதுதானே வழக்கம். நான் தனியாக இருந்தேன். சாப்பிடப் பிடிக்கவில்லை. சின்ன விஷயத்துக்கெல்லாம் மேலாளரிடம் எரிந்து விழுந்தேன். லாரி வரும் சாலையில் வண்டியைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. குழந்தை பெற்றவள் அவள், வலி அவளுக்கு, எனக்கு என்ன வந்தது என்றுதான் நானே நினைத்தேன். என்னைக் கண்டுபிடித்தது என் அக்கா. போனில் குரலைக் கேட்டே புறப்பட்டு வந்துவிட்டாள்.

மனுவில் 'ஒவ்வொரு தாயிடமும்' என்று இருப்பதை 'ஒவ்வொரு பெற்றோரிடமும்' என்று எழுதுங்கள்.

கவிதா, சேலம்

ஓசூர் அண்ணா, நீங்கள் பட்டதைப் படித்து வருத்தப்பட்டேன். உங்களிடம் யாராவது கேட்டிருக்க வேண்டும், அதில் ஐயமே இல்லை. ஆனால் 'பெற்றோர்' என்று மாற்றுவதை நான் எதிர்க்கிறேன்.

கோவாவில் நடந்து 2002-இல் வெளியான ஆய்வில் 23 சதவீதத் தாய்மாருக்கு மனச்சோர்வு இருந்தது. கணவனோடு சரியில்லாத உறவும் கணவனின் வன்முறையும் அங்கே காரணங்களாகத் தெரிந்தன. குடும்ப வன்முறைக்கு ஆளான பெண்களோடு நான் வேலை செய்கிறேன். பெற்றோர் இருவரையும் உட்காரவைத்துக் கேட்பது என்று ஆகிவிட்டால், அடிப்பவனின் முன்னால் அடிபட்டவளிடம் கேட்பதாகிவிடும். செவிலியர் மாமியாரைப் பதிவேட்டுக்காரரிடம் அனுப்பிவிடலாம். கணவனை எங்கே அனுப்புவது? அடுத்தது பணம். தாய்க்கே ஒரு தாளும் ஒரு செவிலியரின் பத்து நிமிடமும் கிடைக்காத நாட்டில் அதை இருவருக்குப் பங்கு போட்டால் குறையப்போவது தாயின் பங்கு. ஆண்களின் துயரம் பேசப்பட்டதும் மேடை முழுவதும் அவர்களுக்குப் போய்விடுவதைப் பலமுறை பார்த்துவிட்டேன்.

மனநல மருத்துவர், மதுரை

கவிதா சொன்ன முதல் காரணத்தை முழுதாக ஏற்கிறேன். தனித்தனியாகத்தான் கேட்க வேண்டும். தாயிடம் கேட்கும் இடத்தில் கணவர் இருக்கக் கூடாது என்பதை மனுவில் விதியாகவே எழுதலாம்.

இரண்டாவதில் மாறுபடுகிறேன். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2010-இல் வெளியான ஒரு கட்டுரை, தந்தையரில் ஏறக்குறைய 10 சதவீதம் பேருக்கு இந்தக் காலத்தில் மனச்சோர்வு வருவதாகவும், குழந்தைக்கு மூன்றிலிருந்து ஆறு மாதம் ஆகும்போது அது அதிகம் என்றும் கண்டது. தாய்க்கு மனச்சோர்வு இருக்கும் வீட்டில் தந்தைக்கும் இருக்கும் வாய்ப்பு கூடுதல். ஆண்களிடம் அது அழுகையாக வராமல் கோபமாக, குடியாக, வேலையிலேயே கிடப்பதாக வெளிப்படுகிறது. அதே எடின்பரோ தாளை ஆண்களுக்குப் பயன்படுத்தும்போது வரம்பு மதிப்பெண்ணை, அதாவது மனச்சோர்வு இருக்கலாம் என்று கருதத் தொடங்கும் எண்ணை, சற்றுக் குறைத்துக்கொள்கிறார்கள். தந்தையைக் கவனிப்பது தாயின் பங்கைப் பிடுங்குவதாகாது. இரவில் குழந்தையை வாங்கிக்கொள்ள வேண்டியவனே விழுந்துவிட்டால் அவளுக்குத் தூக்கம் ஏது?

கிராமச் செவிலி

இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல். ஓசூர் தம்பியே சொல்லிவிட்டார், கவனித்தீர்களா? 45ஆம் நாள் ஊசிக்குத் தகப்பன் வருவதே இல்லை, ஏனென்றால் அந்த நேரத்தில் பெண் தாய்வீட்டில் இருக்கிறாள். கர்ப்பத்தைப் பதிவு செய்வது புகுந்த வீட்டு ஊரில், பிரசவம் பிறந்த வீட்டு ஊரில், மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ மறுபடி புகுந்த ஊர். செவ்வாய்க்கிழமைதோறும் கர்ப்பத்தில் அவளைப் பார்த்துப் பழகிய செவிலியர் ஒருத்தி, ஊசி போடுகிறவள் இன்னொருத்தி. பதிவு எண் ஊர்விட்டு ஊர் போகிறது, பழக்கம் போவதில்லை.

என் அனுபவத்தில் தாய்வீட்டில் சிரித்துக்கொண்டிருந்த பெண், புகுந்த வீட்டுக்குத் திரும்பிய பிறகுதான் சாய்கிறாள். அங்கே சமையல், துணி, மாடு, குழந்தை எல்லாம் ஒன்றாக அவள் தலையில் விழுகிறது. அதற்குள் 45ஆம் நாள் தாண்டிவிடும். ஆகவே ஒருமுறை கேட்டால் போதாது. கர்ப்பத்தில் ஒருமுறை, 45ஆம் நாளில், பிறகு ஒன்பதாம் மாதத்துத் தட்டம்மை-ருபெல்லா ஊசியன்று. அந்த ஊசிக்குக் குழந்தையை அப்பாக்கள் வண்டியில் கொண்டுவருவதை நிறையப் பார்க்கிறேன். தகப்பனிடம் கேட்க அதுவே நல்ல நாள்.

பெயர் வேண்டாம்

எல்லாரும் ஊசி நாளைப் பற்றியே பேசுகிறீர்கள். என் குழந்தைக்கு ஊசி கிடையாது. எட்டாம் மாதத்தில் வயிற்றிலேயே இறந்துவிட்டான்.

மூன்றாம் நாள் பால் சுரந்தது. சுரக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. என்ன செய்வது என்றும் சொல்லவில்லை. மருத்துவமனையில் என் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் குழந்தைகள். வீட்டுக்கு வந்த பிறகு ஒருவரும் வரவில்லை. ஒன்றரை மாதம் கழித்து ஓர் அழைப்பு வந்தது, "குழந்தைக்கு ஊசி போட ஏன் வரவில்லை?" என்று. பட்டியலில் இருந்து பெயரை எடுக்க யாரோ மறந்திருக்கிறார்கள். அந்தப் பெண்ணின் மேல் எனக்குக் கோபம் இல்லை. என்னோடு பேச வந்த ஒரே ஆள் அவள்தான்.

அடக்கம் செய்ததெல்லாம் என் கணவர். என்னைப் பார்க்கவிடவில்லை, தாய் பார்க்கக் கூடாது என்றார்கள். அவர் அன்றைக்குப் பார்த்ததை இதுவரை என்னிடம் சொன்னதில்லை.

உங்கள் மனுவின்படி என்னைப் போன்றவர்களை யாரும் கேட்க மாட்டார்கள். குழந்தை வந்தால்தான் தாய் கணக்கில் வருகிறாள்.

வேலூர் சுமதி

அம்மா, உங்கள் பதிவைப் படித்த பிறகு மனுவை அப்படியே கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஊசிப் பட்டியலை அடிப்படையாக வைக்கக் கூடாது, பிரசவப் பதிவை அடிப்படையாக வைக்க வேண்டும். கருச்சிதைவும் இறந்து பிறந்த குழந்தையும் பிறந்து இறந்த குழந்தையும் அதில் இருக்க வேண்டும். அவர்களுடைய வீட்டுக்கு முதலில் போக வேண்டும் என்று எழுதுகிறேன். மத்திய அரசு தன் பெண் ஊழியர்களுக்குக் குழந்தை இறந்து பிறந்தாலோ பிறந்தவுடன் இறந்தாலோ 60 நாள் சிறப்பு விடுப்பு என்று 2022-இல் உத்தரவிட்டது. நூறு நாள் வேலைக்குப் போகிறவளுக்கும் வீட்டு வேலை செய்கிறவளுக்கும் அது எட்டாது. வீடு தேடி வரும் செவிலியராவது எட்ட வேண்டும்.

உங்கள் கணவரையும் மனுவில் வைத்துக்கொள்கிறேன்.

காது கேளாத தாய்

நான் பிறவியிலேயே காது கேளாதவள். என் கணவரும் அப்படியே. மருத்துவமனையில் என்னிடம் கேட்பதை என் மாமியாரிடம் கேட்பார்கள். அவர் பதில் சொல்வார். என்னிடம் சைகையில் "ஒன்றுமில்லை" என்பார். செவிலியர் அக்கா மாமியாரை வெளியே அனுப்பினால் எனக்கு மொழிபெயர்க்க ஆள் இல்லை. அவர் உள்ளே இருந்தால் என் மனத்தைச் சொல்ல வழி இல்லை.

மகள் பிறந்தபோது இரவில் தூங்க எனக்குப் பயம். அழுதால் கேட்காது. அவள் நெஞ்சில் கை வைத்தபடியே படுத்திருப்பேன், அசைவு நின்றால் எழுந்து விளக்கைப் போட்டுப் பார்ப்பேன். பல மாதங்கள் அப்படித்தான். அழுகை கேட்டால் அதிரும் கருவி ஒன்று இருக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது. அது முன்பே கிடைத்திருந்தால் எனக்குப் பாதி நோய் வந்திருக்காது.

பத்துக் கேள்வித் தாளைக் கொடுத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். எங்களில் பலருக்கு எழுத்துத் தமிழ் எளிதல்ல, சைகைதான் எங்கள் மொழி. கேள்விகளைச் சைகைமொழியில் காணொளியாக எடுத்து வையுங்கள், கைப்பேசியில் காட்டினால் விரலால் பதில் சொல்லிவிடுவோம். உதவி எண் என்று கொடுப்பதெல்லாம் பேசும் எண். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்தது. அதைச் சுட்டி மனுவில் எழுதுங்கள், கருணை என்று எழுதாதீர்கள்.

திருப்பூர் பனியன் கம்பெனி மேற்பார்வையாளர்

எங்கள் லைனில் பாதிப் பேர் ஒடிசா, பிகார் பெண்கள். பிரசவத்துக்கு ஊருக்குப் போக முடியாதவர்கள் இங்கேயே பெற்றுக்கொள்கிறார்கள். தாய்வீடு, மருந்து, எண்ணெய்க் குளியல் எதுவும் கிடையாது. பத்துக்குப் பத்து அறை, கணவன் ஷிப்டில். குழந்தைக்குச் சில வாரமே ஆனதும் வேலைக்கு வந்து நிற்கிறாள். 26 வார மகப்பேறு விடுப்புச் சட்டம் 2017-இல் வந்துவிட்டது, ஆனால் ஒப்பந்தக்காரரிடம் இருப்பவளுக்கு யார் கொடுக்கிறார்கள்? அவளிடம் தமிழ்த் தாளைக் காட்டி என்ன செய்வது? டெலி மானஸ் இருபது மொழிகளில் பேசுகிறது என்பதை எங்கள் கம்பெனி மருத்துவ அறையில் ஒட்டிவைத்திருக்கிறேன், இந்தியிலும் ஒடியாவிலும். மனுவில் மொழியையும் சேருங்கள்.

மட்டக்களப்பிலிருந்து

எங்கள் பக்கத்து நிலைமையையும் சொல்லலாம் என்று நினைக்கிறேன். இலங்கையில் குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கே வருவார். கர்ப்பத்தில் கிளினிக்கில் பார்த்த அதே ஆள், பிள்ளை பிறந்த பிறகும் வருவார். இதுதான் எங்களுடைய பெரிய பலம். செவிலியர் அக்கா சொன்ன 'பழக்கம்' எங்களுக்குக் கிடைக்கிறது. ஆனால் மலையகத்துத் தோட்டங்களில் தமிழ் மட்டும் தெரிந்த தாய்மாரிடம் சிங்களம் மட்டும் தெரிந்த உத்தியோகத்தர் போக நேரும் இடங்கள் இருக்கின்றன. பிள்ளையின் நிறையைச் சைகையால் கேட்கலாம், மனதை எப்படிக் கேட்பது? திருப்பூர் சகோதரியின் கவலை எங்களுடையதும்தான். இங்கே கதைக்க விரும்புகிறவர்கள் 1926 என்ற தேசிய மனநல உதவி எண்ணை அழைக்கலாம்.

தத்தெடுத்தவள்

நாங்கள் தத்தெடுத்த மகன் வீட்டுக்கு வந்தபோது அவனுக்கு ஐந்து மாதம். ஆறு வருடம் காத்திருந்த குழந்தை. இரண்டாவது வாரத்தில் அவன் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. "பெறாதவளுக்கு எங்கிருந்து பிரசவ மனச்சோர்வு?" என்று ஒரு மருத்துவரே கேட்டார். தூக்கமின்மை எனக்கும் அதேதான், பயமும் அதேதான். மகப்பேறு விடுப்புச் சட்டத்தின் 2017 திருத்தம் தத்துத்தாய்க்கு 12 வாரம் விடுப்பு கொடுத்தபோது குழந்தைக்கு மூன்று மாதத்துக்குள் இருக்க வேண்டும் என்று வரம்பும் வைத்தது. குழந்தையை ஒப்படைக்கும் பெற்றோர் மனம் மாறுவதற்கே இரண்டு மாதம் விட வேண்டும் என்பது விதி. அப்புறம் மூன்று மாதக் குழந்தை யாருக்குக் கிடைக்கும்?

ஊசி அட்டையோடு வருகிறவர் யாராக இருந்தாலும், குழந்தையை யார் வளர்க்கிறாரோ அவரிடம் கேளுங்கள். தாயை இழந்த குழந்தையை வளர்க்கும் பாட்டிகளும் உங்கள் புதன்கிழமை வரிசையில் இருப்பார்கள்.

சென்னை, மாறன்

நான் திருநம்பி, பெண் என்று பிறப்பில் குறிக்கப்பட்டு ஆணாக வாழ்பவன். எனக்குக் குழந்தை இல்லை, ஆனால் எங்களில் பெற்றவர்கள் உண்டு. கோழிக்கோட்டில் 2023 பிப்ரவரியில் ஒரு திருநம்பி குழந்தை பெற்றதை எல்லாரும் செய்தியில் பார்த்தீர்கள். பிறப்புச் சான்றிதழில் தாய், தந்தை என்ற கட்டங்களுக்குப் பதிலாகப் 'பெற்றோர்' என்று இருக்க வேண்டும் என்று அவர்கள் நீதிமன்றம் போய், 2025-இல்தான் கேரள உயர் நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. கர்ப்பிணிகள் வரிசையில் மீசையோடு உட்கார வேண்டியவரின் மனநிலையை யோசியுங்கள். பெரும்பாலோர் மருத்துவமனைக்குப் போவதையே தள்ளிப்போடுவார்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 பாலினம், பாலீர்ப்பு, சாதி, வர்க்கம், மாற்றுத்திறன் எதன் பேரிலும் பாகுபாடு கூடாது என்கிறது. செவிலியர் கேட்க வேண்டிய முதல் கேள்வி "உங்களை எப்படிக் கூப்பிடட்டும்?" என்பது. அதற்குச் செலவு இல்லை.

கவிதா, சேலம்

நிறையப் பேர் நிறையச் சொல்லிவிட்டீர்கள். வளர்ப்பவர் எவரோ அவரிடம் கேட்க வேண்டும் என்பதற்கு இப்போது ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வரிசை என்று ஒன்று இருக்கட்டும். பெற்ற உடம்புக்கு முதலிடம். தனியாகக் கேட்பது என்பது விதி, செவிலியரின் சாமர்த்தியத்துக்கு விடப்படக் கூடாது. கதவுள்ள ஓர் இடம் வேண்டும். திரைச்சீலை போதாது, மறுபக்கம் கேட்கும்.

புதியவள்

இவ்வளவையும் படித்துக்கொண்டுதான் இருந்தேன். ஒன்று கேட்கலாமா? மனநல மருத்துவரிடம் போக வேண்டும் என்றால் கணவர் கையெழுத்து வேண்டுமா? சேர்த்துவிட்டால் குழந்தையைப் பிரித்துவிடுவார்களா? என் பையனுக்கு நான்கு மாதம்.

மனநல மருத்துவர், மதுரை

கையெழுத்து வேண்டாம் அம்மா. பதினெட்டு வயது நிறைந்தவர் தானாக வந்து புறநோயாளியாகப் பார்த்துக்கொள்ளலாம். தானே விரும்பி உள்நோயாளியாகச் சேரவும் சட்டம் இடம் தருகிறது. நீங்கள் சொல்வதை உங்கள் ஒப்புதல் இல்லாமல் வீட்டாரிடம் சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை. உயிருக்கு ஆபத்து போன்ற சில நிலைமைகள் மட்டுமே விலக்கு.

குழந்தையைப் பற்றி: சிகிச்சையில் இருக்கும் தாயிடமிருந்து மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையைப் பொதுவாகப் பிரிக்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு சொல்கிறது. குழந்தைக்கு ஆபத்து என்று மருத்துவர் கருதினால் தற்காலிகமாகப் பிரிக்கலாம், அப்போதும் மேற்பார்வையோடு நீங்கள் குழந்தையைப் பார்க்கலாம். பதினைந்து நாளுக்கு ஒருமுறை அந்த முடிவை மறுபரிசீலனை செய்தாக வேண்டும். பெங்களூரு நிம்ஹான்ஸ் என்ற தேசிய மனநல மருத்துவ நிறுவனத்தில் 2009-லிருந்து தாயும் குழந்தையும் ஒன்றாகத் தங்கிச் சிகிச்சை பெறும் தனிப் பிரிவே இருக்கிறது. தமிழ்நாட்டின் ஒவ்வொரு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் அப்படி ஒன்று வேண்டும் என்பதையும் சுமதி அம்மா மனுவில் எழுதலாம்.

பெரும்பாலோருக்குச் சேர வேண்டிய தேவையே வருவதில்லை. நாளைக் காலை அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு வாருங்கள், குழந்தையையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். இன்று இரவு தாங்கவில்லை என்றால் 14416.

வேலூர் சுமதி

அம்மா, உங்கள் மாவட்டம் எது என்று தனிச்செய்தியில் சொல்லுங்கள். உடன் வர ஆள் வேண்டுமென்றால் எங்கள் குழுவின் கிளைகளில் ஒருத்தியை ஏற்பாடு செய்கிறேன். குழந்தையை அவள் வைத்துக்கொள்வாள், நீங்கள் மருத்துவரிடம் தனியாகப் பேசலாம்.

மனு மாறிவிட்டது. பிரசவப் பதிவிலிருந்து பெயர் எடுப்பது, குழந்தையை இழந்தவர் வீட்டுக்கு முதலில் போவது, கர்ப்பத்திலும் 45ஆம் நாளிலும் ஒன்பதாம் மாதத்திலும் கேட்பது, வளர்ப்பவர் யாராயினும் தனித்தனியாகக் கேட்பது, கதவுள்ள இடம், சைகைமொழிக் காணொளி, இந்தியும் ஒடியாவும், தாய்-குழந்தைப் பிரிவு. பேச்சுத் துணைக்கு எங்கள் குழுப் பெண்களுக்கே பயிற்சி கொடுங்கள் என்றும் சேர்த்திருக்கிறேன், செவிலியர் தலையில் எல்லாம் விழக் கூடாது. தந்தையருக்கு எவ்வளவு நிதி என்பதில் கவிதாவும் ஓசூர் தம்பியும் இன்னும் ஒத்துவரவில்லை. அந்தப் பத்தியை இருவருமே சேர்ந்து எழுதிக் கொடுங்கள், அப்படியே போட்டுவிடுகிறேன்.

கிராமச் செவிலி

ஒரு திருத்தம் அக்கா. 'கதவுள்ள இடம்' என்று மட்டும் எழுதினால் கட்டடம் கட்ட நிதி இல்லை என்று பதில் வரும். 'ஊசி போடும் நாளில் மருத்துவ அலுவலரின் அறையை ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும்' என்று எழுதுங்கள். எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்த அறைக்குக் கதவு இருக்கிறது. நானே கேட்டுப் பார்த்தேன், மருத்துவர் அம்மா சரி என்றுவிட்டார். வரும் புதன்கிழமையிலிருந்து அங்கே கேட்கிறேன்.